பிரம்பு நாற்காலிக்கு முன்னால் ஒரு கடல்

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில், ஏ-ஒன்பது வீதியோரம் என் கடை. பாரமான லொறி ஏதாவது தம்புள்ளைப் பக்கம் போனால் என் கடையில் பிஸ்கட் போத்தல்கள் கிலுகிலுக்கும். பக்கத்து வீட்டில் கடல் ஆடும். நான் கதை விடவில்லை. கிருஷ்ணம்மா வீட்டு முன்னறையில் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, இரண்டு மீன், மேலே ஒரு நீல விளக்கு. பொழுதுபட்டதும் அந்த நீலம் ஜன்னல் வழியாக வழிந்து என் கடை வாசல் வரைக்கும் வந்துவிடும். வெங்காயம் வாங்க வந்தவர்கள் நீல முகத்தோடு நின்று மிச்சக் காசை வாங்க மறந்து போவார்கள்.

எனக்கு மீன் என்றால் குழம்பு. அதற்கு மேல் மீனோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனாலும் இந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அதில் விழுந்த முதல் உப்பு என் கடை உப்பு. அதனால் செத்த ஒரு உயிரும் என் வளவில்தான் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிருஷ்ணம்மா எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அங்கே காலையில் கதவைத் திறந்தால் வெளியே பனிமூட்டம்தான் நிற்கும். கொழுந்து பறிக்கப் போகிற அம்மா அதற்குள் இறங்கிப் போவாள். முதலில் கால் மறையும், பிறகு கூடை மறையும். கடல் கடல் என்கிறார்களே, அது இதுதான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தாளாம். உண்மையான கடலை அவள் பார்த்தது விமானத்து ஜன்னல் வழியாக, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது. அது அசையவே இல்லையாம். பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாளாம்.

அவள் வேலை செய்த வீட்டில் கூடத்துச் சுவர் அகலத்துக்கு ஒரு கடல் தொட்டி இருந்தது. அதன் கண்ணாடியில் தினமும் மெல்லிசாகப் பச்சை படியும். அதைத் துடைப்பது இவள் வேலை. காந்தக் கட்டை என்று ஒன்று இருக்கிறது. சவர்க்காரக் கட்டி அளவில் இரண்டு துண்டு. ஒன்று தண்ணீருக்குள், ஒன்று கண்ணாடிக்கு வெளியே. வெளியே இருப்பதை இழுத்தால் உள்ளே இருப்பதும் கூடவே வந்து பாசியைச் சுரண்டும். அதைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துவிட்டு உடனே உள்ளே போய்விட வேண்டும். அங்கே நின்று வாய் பார்த்தால் மேடத்துக்குப் பிடிக்காது. தொட்டிக்கு முன்னால் பெரிய சோபா ஒன்று கிடந்ததாம். அதில் யாரும் உட்கார்ந்து இவள் கண்டதில்லை.

அந்தத் தொட்டியில் ஒரு கடல் சாமந்தி இருந்தது. பேர்தான் சாமந்தி, அது பூவும் இல்லை செடியும் இல்லை, ஒரு உயிர். விரல் விரலாக நீட்டிக்கொண்டு தண்ணீரில் ஆடும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன் அந்த விரல்களுக்கு நடுவே நுழைந்து படுத்துத் தூங்கும். சாமந்தி அவற்றை ஒன்றும் செய்யாதாம், மூடி வைத்துக்கொள்ளுமாம். பதினோரு வருடம் கிருஷ்ணம்மா இதைத் துடைக்கிற நேரத்தில் மட்டும் பார்த்தாள். ஊரில் கல்யாணம் செத்த வீடு எல்லாம் அவள் இல்லாமலே நடந்து முடிந்தன. ஒரு நாள் என் கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள், "அந்த வீட்டுல யாருமே அதப் பாக்கல அண்ணே. நான் மட்டுந்தான் பாத்தேன். அதுவும் நின்னுக்கிட்டே."

ஊருக்குத் திரும்பி வந்ததும் அவள் வாங்கிய முதல் சாமான் ஒரு பிரம்பு நாற்காலி. இரண்டாவது ஒரு காந்தக் கட்டை. தொட்டியே இல்லாத வீட்டில் இந்த இரண்டும் பல மாதம் சும்மா கிடந்தன. நாற்காலியில் அவளும் உட்காரவில்லை, வந்தவர்களையும் உட்கார விடவில்லை. அவள் புருஷன் அழகுமுத்து மாத்தளை மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். தங்கமான ஆள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அது யாருக்கு வாங்கிய நாற்காலி, கவர்னருக்கா என்று அவளைக் கேலி பண்ணுவான். அவள் சிரிக்காமல் பதில் சொல்லுவாள். தன் வீட்டில் ஒரு சாமந்தி விரிய வேண்டும், மீன் இரண்டும் அதற்குள் போய்த் தூங்க வேண்டும், அன்றைக்குத்தான் அதில் உட்காருவாளாம்.

தொட்டி கண்டியிலிருந்து வந்தது. விற்றவன் அன்ஸார், தொட்டியில் வளர்க்கிற கடல் மீன் விற்கிற கடைக்காரன். எப்படி நடத்துவது என்று அவன் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். இவள் காது கொடுக்கவில்லை. எத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள், இவளுக்கா தெரியாது? ஆனால் குவைத்தில் வாரா வாரம் ஒரு ஆள் பெட்டியோடு வந்து தொட்டியின் பின்கதவைத் திறந்து என்னென்னவோ செய்வான். அந்த நேரம் இவளைச் சமையலைப் பார்க்கக் குசினிக்கு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடியின் முன்பக்கம் அவளுக்கு அத்துப்படி. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மறுநாள் காலை என் கடைக்கு வந்து இருக்கிற உப்புப் பக்கட் எல்லாவற்றையும் கேட்டாள். ஊறுகாய் போடவா, கருவாடு போடவா என்றேன்.

"கடலு போடப் போறேன் அண்ணே" என்றாள்.

தயிர் போடப் போகிறேன் என்பது போலச் சொன்னாள். நானும் எடுத்துக் கொடுத்தேன். பைப்புத் தண்ணீரில் அந்தக் கறி உப்பைக் கரைத்து, அன்றைக்கே ஒரு சின்ன நீல மீனை விட்டாள். விடியும்போது அது சரிந்து கிடந்தது. அன்ஸாருக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் இறைக்கச் சொன்னான். கடல் தொட்டிக்கென்றே வாளியில் வருகிற உப்பு வேறு, கறிக்குப் போடுகிற உப்பு வேறு. அவள் இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து என் பப்பாசி மரத்தடியில் நின்றது. காய்த்துக் குலுங்கிய மரம், ஒரே மாதத்தில் பட்டுப்போனது. நீல மீனுக்கு அவள் அழுதாள். என் பப்பாசிக்கு யாரும் அழவில்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. தண்ணீர் பழக வேண்டும் என்று அன்ஸார் சொல்லிவிட்டான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாறையில் குடியேறி அழுக்கைத் தின்னப் பழகின பிறகுதான் மீன். அதனால் வாரக்கணக்கில் வெறும் தண்ணீரும் கல்லும்தான். அயலில் இருந்து பார்க்க வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள். உள்ளே தூங்குது, சத்தம் போடாதீங்க என்றான் அழகுமுத்து. அவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெளியே மழை பெய்யும், உள்ளே நீல வெளிச்சத்தில் கல் மட்டும் கிடக்கும். வேலை இல்லாத மத்தியானங்களில் நானும் போய்ப் பார்ப்பேன். ஏனென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் கடையில் யாரோ கூப்பிடுவது எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும்.

பிறகு கோமாளி மீன் இரண்டும், கண்ணாடி மேயச் சில நத்தைகளும் வந்தன. மழைக்காலத்து மாலை ஒன்றில் கரண்ட் போய், தண்ணீர் சுற்றுகிற மோட்டார் நின்று, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு ஜக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், காற்று சேரட்டும் என்று. நான் டோர்ச் பிடித்தேன். கரண்ட் வரும் வரைக்கும் ஊற்றினார்கள். இவன் கை ஓய்ந்தால் அவள் ஊற்றினாள், அவள் கை ஓய்ந்தால் இவன். எனக்கு என் பெண்சாதி ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த சிக்கல் தண்ணீர் குறைவது. தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை இறங்கும். இவள் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி ஊற்றி நிரப்பினாள். மீன்கள் சோர்ந்தன. குழம்பு சுண்டினால் உப்புக் கூடுமில்லையா என்று கேட்டானாம் அன்ஸார். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. ஆகவே உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். பைப்புத் தண்ணீர் ஆகாது, பில்டர் பண்ணிய தண்ணீர்தான் ஆகும்.

அந்த வேலையை அழகுமுத்து தன் தலையில் போட்டுக்கொண்டான். மரக்கறி ஏற்றக் கலேவெலைக்குப் போகிறவன் அவன். அங்கே கிணற்றுத் தண்ணீர் சரியில்லாததால் கடைக்குக் கடை பில்டர் தண்ணீர் விற்கிறார்கள். வரும்போது கேனில் வாங்கி வருவான். தொட்டியில் அவனுக்கென்று ஒரு வேலை கிடைத்ததில் அவனுக்குப் பெரிய சந்தோஷம். கிருஷ்ணம்மா விளக்கையும் உப்பையும் சாப்பாட்டையும் பார்த்தாள், தண்ணீர் அவன் பொறுப்பு.

அதற்குப் பிறகுதான் கடல் சாமந்தி வந்தது. அன்ஸார் தானே பஸ்ஸில் கொண்டு வந்து பாறையில் வைத்துவிட்டுப் போனான். முதல் நாள் சுருங்கிக் கிடந்தது. மறுநாள் விரித்தது. அன்றைக்குக் கிருஷ்ணம்மாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவள் வயதில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டிருந்தாள். மீன்கள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பக்கத்தில் போகும், ஒரு விரலை உரசும், திரும்பி ஓடும். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றே பார்த்தாள். இன்றைக்கில்லை, நாளைக்கு என்பாள். ஒரு சாயங்காலம் பெரிய மீன் சாமந்திக்குள் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. அவள் நாற்காலியைத் தொட்டிக்கு நேரே இழுத்துப் போட்டாள்.

மறுநாளிலிருந்து நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. சாமந்தி விரல்களைச் சுருக்கிக்கொண்டது. வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு ஓரங்களில் கரைய ஆரம்பித்தது. மீன்களுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தின்றன, நன்றாக நீந்தின. கிருஷ்ணம்மா விளக்கைக் குறைத்தாள், கூட்டினாள், உப்பை அளந்தாள், சாப்பாட்டை நிறுத்தினாள். எதையோ தான் தவறாகச் செய்கிறோம் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கடைசியில் அதைக் கையால் அள்ளி எடுத்துப் போட வேண்டி வந்தது. எனக்கு மீன் என்றால் குழம்புதான், ஆனால் அன்றைக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியை அவள் பின்னறையில் கொண்டுபோய் வைத்து மேலே துணி மூட்டையைப் போட்டாள்.

அவள் வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை. போன் பேச என் கடை வாசலுக்குத்தான் வருவாள். காரணம் தெரிய வேண்டும் என்று தொட்டியை நாலைந்து படம் பிடித்து வட்ஸ்அப்பில் அன்ஸாருக்கு அனுப்பியிருந்தாள். அவன் எடுத்துப் பேசினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, படத்துல தொட்டிக்குப் பக்கத்துல ஒரு குடம் ஈக்குதே. அது செம்புதானே? அது என்னத்துக்கு?"

அவள் திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். அந்தக் குடத்தை எனக்கும் தெரியும். அது அழகுமுத்து வீட்டுப் பழக்கம். சாயங்காலம் செப்புக்குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் நிரப்பி, துளசி போட்டு மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். விடிந்ததும் முதல் வேலையாக அதில் ஒரு டம்ளர் குடிப்பார்கள். அவள் குவைத்தில் இருந்த காலம் முழுக்க அவன் தன் டம்ளரைக் குடித்துவிட்டு, இது அவ பங்கு என்று இன்னொரு டம்ளரை வாசல் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றுவான். நானே எத்தனை காலை பார்த்திருக்கிறேன். அவள் வந்து இறங்கியபோது அந்தச் செவ்வரத்தை கூரையைத் தொட்டு நின்றது. அப்படிப்பட்டவன், பெண்சாதியின் கடலுக்கு பிளாஸ்டிக் கேனிலிருந்து நேரே ஊற்றுவானா? கலேவெலைத் தண்ணீரை இரவு முழுக்கச் செம்பில் வைத்திருந்து, அம்மனைக் கும்பிட்டு, தொட்டியில் ஊற்றியிருக்கிறான். வீட்டில் அதைவிட நல்ல தண்ணீர் வேறு இல்லை.

செம்பு கொஞ்சம் கரைந்தாலே போதும் என்றான் அன்ஸார். மனுசருக்கு நல்லது, மீன் தாங்கும், ஆனால் நத்தைக்கும் சாமந்திக்கும் நஞ்சு. அது பாறைக்குள்ளும் ஊறியிருக்கும், ஆகவே இந்தத் தொட்டியில் இனிச் சாமந்தி வைப்பதை மறந்துவிடுங்கள் என்றான். அவன் குரலிலும் வருத்தம் இருந்தது.

போனை வைத்துவிட்டு அவள் என் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். வீதியில் லொறிகள் போயின. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். எனக்கே கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை, ஊருக்கே தெரியும். இதை மட்டும் அடக்கி வைத்திருக்கிறேன். அழகுமுத்து பேப்பரில் கிரிக்கெட் பக்கம் தவிர வேறெதையும் படிப்பதில்லை, அந்தத் தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

அன்று அழகுமுத்து மார்க்கெட்டிலிருந்து வந்து, குடத்தைத் துலக்கக் கையில் எடுத்தபோது நானும் அங்கே நின்றேன். சாமந்தி போன துக்கத்தில் அவனும் மெலிந்து போயிருந்தான். கிருஷ்ணம்மா அவன் கையிலிருந்து குடத்தை வாங்கித் தானே புளி போட்டுத் தேய்த்தாள்.

"இனிமே மீனுக்கு இதுல ஊத்தாதீங்க. கேன்லருந்தே ஊத்துங்க" என்றாள்.

"ஏன் புள்ள?"

"இத்தன வருஷம் என் பங்கச் செடிக்கு ஊத்துனீங்க. இப்ப மீனுக்கு ஊத்துறீங்க. நான் வந்துட்டேன்ல. எனக்குத் தாங்க."

அவனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தான். அறுபதைத் தொடப்போகிற ஆள் வெட்கப்படுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாமந்தி இல்லாத தொட்டியில் அவளுக்குப் பிடிப்பு விட்டுப்போனது. சாப்பாடு போடுவாள், விளக்குப் போடுவாள், அவ்வளவுதான். மீன் இரண்டுக்கும் தூங்க இடமில்லை. பொழுதுபட்டால் மேல் மூலையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் தள்ளுகிற பக்கமெல்லாம் அலையும். அது எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடி துடைக்கிறதையும் விட்டுவிட்டாள். ஒரு நாள் பாதி துடைத்தவள், ஏதோ நினைப்பில் காந்தக் கட்டையைக் கண்ணாடி நடுவிலேயே விட்டுவிட்டுப் போனாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. உள்பக்கத்துக் கட்டையில் பாசி முளைத்து, மெல்லிய பச்சை மயிராக ஆடத் தொடங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு விடியற்காலை, பனிமூட்டம் வீதியை மூடி, போகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிகிற நேரம். நான் கடைப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணம்மா வந்து என் கையைப் பிடித்தாள். தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீன் இரண்டும் மூலையில் இல்லை. காந்தக் கட்டையின் பாசிக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, செட்டை மட்டும் லேசாக அசையத் தூங்கிக்கொண்டிருந்தன. பெரியது வெளியே, சின்னது உள்ளே. ஏதோ லொறி போனது. தண்ணீர் ஆடியது, பாசி ஆடியது, மீன்களும் அதோடு ஆடின. விழிக்கவில்லை.

"அந்த வீட்டுல பதினோரு வருஷம் இதத்தான் அண்ணே கையில புடிச்சிருந்தேன்" என்றாள் கிருஷ்ணம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. அந்த நேரம் என் பப்பாசி மரத்தைக் கூட நான் மன்னித்துவிட்டேன்.

அழகுமுத்து எழுந்து வந்தான். ஒரு கையில் செப்புக்குடத்துத் தண்ணீர் ஒரு டம்ளர், அவள் பங்கு. அவளிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தான். கண்ணாடியில் பாதி பச்சை மூடிக் கிடந்தது. சரியாகத் தெரியவில்லையே, ஒரு இழுப்பு இழுத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்லிக் காந்தக் கட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"விடுங்க" என்றாள் அவள். "இனிமே அத இழுக்க வேணாம். அதுங்க தூங்குது."

பின்னறைக்குப் போய் மூட்டையை இறக்கிவிட்டுப் பிரம்பு நாற்காலியைத் தூக்கி வந்தாள். தொட்டிக்கு நேர் முன்னால் போட்டு, உட்கார்ந்து, காலைச் சம்மணம் போட்டுக்கொண்டாள். டம்ளரில் இருந்ததை ஒவ்வொரு மடக்காகக் குடித்தபடி, துடைக்காத கண்ணாடி வழியாக மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுமுத்து தேத்தண்ணி போட உள்ளே போனான்.